பழைய ஹார்ட் டிஸ்க்கா? கட்-பேஸ்ட் பண்ணாதீங்க

(ஒலி வடிவத்திலிருந்து எழுத்தாக்கப்பட்டது. வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்விதான் கேட்டிருந்தீங்க. "கம்ப்யூட்டர்ல இடம் இல்ல, புது டிஸ்க் வாங்க காசு இல்ல, செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கி மாட்டலாமா?" மாட்டலாம், தப்பே இல்ல. ஆனா நான் ஒரு தடவை மாட்டி, ஒரு கல்யாணத்தையே தொலைச்சேன். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கறேன்.

திண்டிவனத்துலேர்ந்து மரக்காணம் போற ரோட்டுல பெருமுக்கல்னு ஒரு ஊர் இருக்கு. ஊருக்குப் பக்கத்துல ஒரு மலை, மேல சிவன் கோயில். பாறையில ரொம்பப் பழங்காலத்துக் கீறல் உருவங்கள் இருக்கறதால ஆராய்ச்சி பண்றவங்க தேடி வர்ற இடம். அங்கதான் எங்க மாமா போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கார். அந்தப் பக்கம் உப்பளத்து ஊர்கள் வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுப்பார். அவரோட டெஸ்க்டாப்ல இருந்தது 500 ஜிபி. ஒரு முகூர்த்த சீசன் தாங்காது.

"மாப்ள, மெட்ராஸ்லதானே இருக்க, சீப்பா ஒரு டிஸ்க் பாத்து வாங்கிட்டு வாயேன்"னார். நானும் 2 டிபி பழைய டிஸ்க் ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். மாட்டினேன், ஓடுச்சு. சந்தோஷத்துல பழைய டிஸ்க்ல இருந்த கல்யாண வீடியோ எல்லாத்தையும் கட் பண்ணிப் புதுசா மாட்டினதுல பேஸ்ட் பண்ணேன். மாமாவும் மெமரி கார்டை அழிச்சு அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கிட்டார்.

மூணு வாரம். ஃபைல் திறக்க நேரமாச்சு, அப்புறம் டிக் டிக்னு சத்தம், அப்புறம் டிரைவே காணோம். எடிட் முடியாத ஒரு கல்யாணம் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. அதுல பொண்ணோட ஆயா ஆசீர்வாதம் பண்ற காட்சி இருந்தது. நாங்க போய்ச் சொல்றப்போ அந்த ஆயா இல்ல, நடுவுல தவறிட்டாங்க. மாமா முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். அந்த வீட்ல யாரும் சத்தம் போடல. பொண்ணோட அப்பா ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "வேற எங்கயும் இல்லீங்களா?" இன்னிக்கு எபிசோடே அந்தக் கேள்விதான்.

வாங்கும்போது

ஹார்ட் டிஸ்க் தன்னோட உடம்பு நிலவரத்தைத் தானே எழுதி வச்சுக்கும். அதுக்குப் பேர் ஸ்மார்ட். விண்டோஸ்ல கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, லினக்ஸ்ல ஸ்மார்ட்சிடிஎல், ரெண்டும் இலவசம். கடையிலேயே ஒரு லேப்டாப்ல மாட்டிக் காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னா வேற கடை.

முக்கியமா மூணு வரி பாருங்க. 05: கெட்டுப்போய் மாத்து இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். சி5: படிக்க முடியாம சந்தேகத்துல நிக்கற செக்டர்கள். சி6: சரி பண்ண முடியாதவை. மூணும் பூஜ்யமா இருக்கணும். சி5-ல ஒண்ணு இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். சி7-ல எண்ணிக்கை இருந்தா பதறாதீங்க, அது பெரும்பாலும் கேபிள் கோளாறு.

அப்புறம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குனு பாருங்க. ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். மாமாவோட டிஸ்க் சாகறதுக்கு முன்னாடிதான் நான் முதல் தடவையா இதைப் பாத்தேன். 41,000 மணிக்கு மேல, கிட்டத்தட்ட நாலே முக்கால் வருஷம். ஆனா ஆன் பண்ண எண்ணிக்கை வெறும் அறுபது சொச்சம். அப்படின்னா நிறுத்தாம ஓடின டிஸ்க், சிசிடிவி பெட்டியில இருந்திருக்கலாம். வாங்கறப்போ ரெண்டு நிமிஷம் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

இந்த எண்ணையும் அழிக்க முடியும். 2025 தொடக்கத்துல ஜெர்மனியில வெளிவந்த செய்தி: ஓடித் தேய்ஞ்ச சீகேட் டிஸ்க்குகள் ஸ்மார்ட் கணக்கைப் பூஜ்யமாக்கி, புதுசுன்னு விற்பனைக்கு வந்திருந்தது. டிஸ்க்குக்குள்ள இருக்கற ஃபார்ம்னு இன்னொரு பதிவுதான் காட்டிக் கொடுத்துச்சு. சீகேட் டிஸ்க்னா ஸ்மார்ட்சிடிஎல்லோட புது பதிப்புல அதையும் பாக்கலாம். ரெண்டு கணக்கும் ஒத்துப்போகணும்.

கடலோர ஊர்க்காரங்களுக்கு ஒரு விஷயம். சாதாரண ஹார்ட் டிஸ்க் முழுசா மூடின டப்பா கிடையாது. காத்தழுத்தத்துக்காக ஃபில்டரோட ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதை ஸ்டிக்கர் ஒட்டி அடைக்காதீங்க. ஆனா உப்புக்காத்து முதல்ல தாக்கறது வெளியில இருக்கற சர்க்யூட் போர்டை. மரக்காணம் பக்கம் இரும்பு கேட் என்ன கதியாகும்னு பாத்தவங்களுக்குச் சொல்லவே வேணாம். டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்க. செம்புப் புள்ளிகள் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தா வேணாம்.

சர்வர்லேர்ந்து கழட்டின எஸ்ஏஎஸ் டிஸ்க் ரொம்ப மலிவா வரும். பாக்க சாட்டா மாதிரியே இருக்கும், நம்ம மதர்போர்டுல சேராது. கேட்டு வாங்குங்க.

மாட்டும்போது

கரண்ட் வயரைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்சக் கரண்டை வடிய விடுங்க. கேபினெட்டோட இரும்பைத் தொட்டுட்டு டிஸ்க்கைத் தொடுங்க. நாலு ஸ்க்ரூவும் போடுங்க. உள்ள படிக்கற முனை தட்டுக்குச் சில நானோமீட்டர் மேல மிதக்குது. ஆடிக்கிட்டே இருக்கற டிஸ்க் அதுக்கு நல்லதில்ல. ஒரு டேட்டா கேபிள், ஒரு பவர் கேபிள், அவ்ளோதான்.

பெரிய நிறுவனங்கள்ல ஓடின சில டிஸ்க் சுத்தவே சுத்தாது. செத்துடுச்சுன்னு நினைக்காதீங்க. பவர் கேபிளோட மூணாவது பின்ல 3.3 வோல்ட் வந்தா, "நின்னுக்கோ"ன்னு எடுத்துக்கற வகை அது. அந்தப் பின்னை மறைச்சா ஓடும்.

ஓடுது, ஆனா 'திஸ் பிசி'ல தெரியலையா? டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து இனிஷியலைஸ் பண்ணி, ஜிபிடி தேர்ந்தெடுங்க. சாட்ஜிபிடி இல்ல, இது வேற. எம்பிஆர் எடுத்தா 2 டிபிக்கு மேல இடம் தெரியாது. பழைய டிஸ்க்ல வேற யாரோ விண்டோஸ் போட்டிருந்தா கம்ப்யூட்டர் அதுலேர்ந்தே எழுந்திருக்கும். பயாஸ்ல உங்க எஸ்எஸ்டியை முதல்ல வைங்க.

அடுத்தவங்க வாழ்க்கை

ரெண்டாவது தடவை வாங்கின டிஸ்க்கை மாட்டினதும் ஃபோல்டர் பேரெல்லாம் வந்துச்சு. 'ஆதார்', 'வீட்டுப் பத்திரம்', 'பாப்பா பர்த்டே'. நான் திறக்கல. ஆனா விற்றவருக்கு இது தெரியுமா?

இது புதுசு இல்ல. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட்னு எம்ஐடி ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர் 158 பழைய டிஸ்க் வாங்கி ஆராய்ஞ்சு 2003-ல வெளியிட்டாங்க. 5,000-க்கு மேல கிரெடிட் கார்டு எண்கள் அதுல கிடைச்சுது. ஒரு டிஸ்க் ஏடிஎம்லேர்ந்து வந்தது. டெலீட் பண்றதும் குயிக் ஃபார்மட்டும் அட்டவணையை மட்டும்தான் அழிக்கும், உள்ள இருக்கறது அப்படியே கிடக்கும்.

அதனால முழு ஃபார்மட் போடுங்க. விண்டோஸ்ல 'குயிக் ஃபார்மட்' டிக்கை எடுத்துட்டா டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும். 2 டிபிக்கு நாலஞ்சு மணி நேரம், ராத்திரி போட்டுட்டுத் தூங்குங்க. பழைய ஆளோட தகவல் போயிடும். அதுவே டிஸ்க்குக்கு ஒரு பரீட்சையும்கூட. காலையில 05, சி5 மறுபடி பாருங்க. எண்ணிக்கை ஏறியிருந்தா டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துடுங்க. உங்க டிஸ்க்கை விக்கறதுக்கு முன்னாடியும் இதையே பண்ணுங்க.

கடைசியா

இத்தனையும் பாத்தாலும் டிஸ்க் ஒருநாள் போகும். புதுசும் போகும், பழசு இன்னும் சீக்கிரம் போகலாம். அதனால பழைய டிஸ்க்ல காப்பி மட்டும் வைங்க, கட் பண்ணி வைக்காதீங்க. கேம், சினிமா, திரும்ப டவுன்லோட் பண்ண முடியற எதுவும் அதுல தனியா இருக்கலாம். ஒரே ஒரு தடவை நடக்கறது தனியா இருக்கக் கூடாது.

பீட்டர் க்ரோக்னு ஒரு அமெரிக்க போட்டோகிராபர் பிரபலமாக்கின கணக்கு, 3-2-1: மூணு காப்பி, ரெண்டு வகை இடம், ஒண்ணு வேற ஊர்ல. மாமா இப்போ ரெண்டு டிஸ்க்ல ஏத்தாம மெமரி கார்டை அழிக்கறதில்ல. மூணாவது காப்பி ஜிப் கவர்ல சிலிகா ஜெல் பாக்கெட்டோட திண்டிவனத்துல எங்க அம்மாகிட்ட பீரோவுல இருக்கு.

இன்னமும் ஊருக்குப் போனா மாமா மலையைக் காட்டிச் சொல்வார்: "எவனோ கல்லுல கீறினது இன்னும் இருக்குடா மாப்ள, நீ வாங்கினது மூணு வாரம் தாங்கல." சிரிச்சுக்கிட்டேதான் சொல்வார். எனக்கு முழுசா சிரிக்க வராது.

இந்த வாரம் ஒரு வேலை. உங்க வீட்டு ஆயா, தாத்தா இருக்கற ஒரு வீடியோவை எடுங்க. "வேற எங்கயும் இருக்கா?"னு கேட்டுப் பாருங்க. இல்லன்னா, இன்னிக்கே ஒரு காப்பி.