பூதம் என்றால் விசாரிப்போம்
(கரவெட்டிக் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



2011 ஆகஸ்டில் மலையகத்தையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே பயம் பிடித்தது: கிறீஸ் பூதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய ஆள் இருட்டில் பெண்களைத் தாக்குகிறான் என்றார்கள். லயங்களில் பெண்கள் வாசலுக்கு வர அஞ்சினார்கள். நாங்கள் பொல்லோடு விடிய விடியக் காவலிருந்தோம்.

ஹப்புத்தளைப் பக்கம் பூதமென்று சந்தேகித்து இரண்டு பேரைக் கொன்றார்கள். செத்தவர்கள் மனிதர்கள். நாவாந்துறையில் மர்ம ஆட்களைத் துரத்திய மக்கள் இராணுவத்தோடு முரண்பட்டார்கள். அன்றிரவு வீடு புகுந்து அடித்தார்கள், நூறு பேருக்கு மேல் கைதானார்கள்.

பூதமே இல்லையென்று பெண்களின் முறைப்பாட்டைத் தள்ளுவதும் பிழை. பூதமென்று அந்நியனை அடிப்பதும் பிழை. எத்தனை மணி, எந்தப் பாதை, யார் கண்டது, என்ன காயம் என்று அன்றே எழுதி வையுங்கள். பிடிபட்டவரை அடிக்காமல், பலர் முன்னால் ஒப்படையுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பீலிக்கரையானாலும் பனங்கூடலானாலும், ஒளிய வருபவனுக்கு வேண்டியது இருட்டு. பாதைக்கு விளக்குக் கேட்பதும் சங்க வேலைதான். சேர்ந்து கேட்போம்.