எண்ணத் தகுந்த சுழிகள்

சுழித்தோடும் நீரில் பெருஞ்சுழி சிறுசுழியாகவும் சிறுசுழி நுண்சுழியாகவும் சிதைந்து, முடிவில் திரவத்தின் பாகுத்தன்மையிலே கரைந்து உஷ்ணமாகிவிடுவதை விஞ்ஞானிகள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். ஆயினும் அவற்றுள் ஒரு சுழி எங்கே முடிகிறது, மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்று வரையறுத்துச் சொல்ல எவராலும் இயலவில்லை. சுழிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தகுந்த திரவம் ஒன்று உண்டு. அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

திரவ ஹீலியத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே ஏறக்குறைய 271 டிகிரி சென்டிகிரேட் வரை குளிரச் செய்தால், அதன் ஒரு பகுதி பாகுத்தன்மையை அறவே துறந்து, அதிநுண்ணிய துவாரங்களிலும் தடையின்றிப் பாயும் மீப்பாய்மமாகிறது என்பதை 1938இல் மாஸ்கோவில் கபிட்சாவும், கேம்பிரிட்ஜில் ஆலன், மிஸனர் இருவரும் வெளியிட்டார்கள். பாத்திரத்தைச் சுழற்றினாலும் இப்பகுதி சுழலாது, ஆகையால் மேற்பரப்பு நீரின் அளவுக்குக் குழியாது என்பது சித்தாந்தம். 1950இல் ஆஸ்போர்ன் சுழற்றிப் பார்த்தார். அது நீரைப் போலவே குழிந்தது. சித்தாந்தத்தைத் திரும்ப யோசிக்க வைத்த இவ்வெளிய பரிசோதனையிடம் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆன்ஸாகர் 1949இல் சுருங்கச் சொல்லி, ஃபெயின்மன் 1955இல் விரித்துரைத்த கருத்து இம்முரண்பாட்டைத் தீர்த்தது. மீப்பாய்மம் ஒருசேரச் சுழல்வதில்லை. அணுவளவே பருமனுள்ள சுழிக்கோடுகள் அச்சுக்கு இணையாக அணிவகுத்து நிற்க, ஒவ்வொன்றையும் சுற்றித் திரவம் ஓடுகிறது. பிளாங்க் மாறிலியை ஹீலியம் அணுவின் நிறையால் வகுத்து வரும் அளவே ஒவ்வொரு கோட்டின் வலிமையும். பாத்திரம் ஆறு வினாடிக்குச் சுமார் ஒரு சுற்றாகச் சுழன்றால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2,000 கோடுகள் நிற்கும்.

இவற்றைக் கண்ணால் காண்பதற்கு எவ்வளவு பிரயாசை! பெர்க்லியில் பேக்கர்டும் அவருடைய சகாக்களும் எலெக்ட்ரான்களைச் சுழிக்கோடுகளிலே சிறைப்படுத்தி, கோட்டின் வழியே மேலிழுத்து, ஒளிரும் திரையில் விழச் செய்து, புள்ளிகளாக அணிவகுத்த சுழிகளை 1979இல் படமாக வெளியிட்டார்கள். அதற்காகக் குளிரூட்டும் சாதனத்தையும் சேர்த்தே சுழற்ற வேண்டியிருந்தது. 2006இல் மேரிலாந்தில் பியூலி, லேத்ராப், பெங்களூரில் பயின்ற ஸ்ரீநிவாசன் ஆகியோர் உறைந்த ஹைட்ரஜன் துகள்களைக் கோடுகளில் படியவிட்டு, லேஸர் ஒளியில் அவற்றை நேரே காட்டினார்கள்.

சுழற்சி ஒழுங்காக இருக்குமளவும் கோடுகள் நேராக நிற்கின்றன; திரவத்தைக் கலக்கினாலோ சிக்குண்ட நூல்போல் பின்னிக்கொள்கின்றன. அதுவே மீப்பாய்மத்தின் கொந்தளிப்பு. 1998இல் பாரிஸில் மோரரும் தபெலிங்கும் எதிரெதிராகச் சுழலும் தட்டுகளால் ஹீலியத்தைக் கலக்கி அளந்தபோது, 1941இல் கோல்மொகோரோவ் சாதாரணத் திரவங்களுக்கு வகுத்த விதியே பெருஞ்சுழிகளில் இங்கும் செல்லுபடியாவதைக் கண்டார்கள். நுணுகி நோக்கினால் நிலைமை வேறு: இரு கோடுகள் நெருங்கித் தொடும்போது முனை மாற்றி இணைந்து விசையோடு விலகுகின்றன, அச்சமயம் துகள்கள் எய்தும் வேகம், நீரின் கொந்தளிப்பில் மிக அபூர்வமாகவே காணத்தக்கது. பாகுத்தன்மையே இல்லாத இடத்தில் கொந்தளிப்பு எவ்வாறு அடங்குகிறது என்பதற்கு விடையை, இம்மோதல்களிலும், மோதிய பின் கோடுகளின் நெடுகிலும் ஓடும் அலைகளிலும் இன்று தேடி வருகிறார்கள்.