பழகுவது வேறு, பணிந்துபோவது வேறு

(முதலாமாண்டு மாணவர்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். இதற்குள் உங்களிடம் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள்: "போகப் போகப் பழகிடும்." வீட்டில் சொல்வார்கள், விடுதியில் சொல்வார்கள், பேராசிரியரும் சொல்வார். எதற்குப் பழக வேண்டும், எதற்குப் பழகக் கூடாது என்று மட்டும் யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஆங்கிலம். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள் இங்கே பாதிப் பேர் இருப்பீர்கள். வகுப்பில் ஒன்றும் புரியாதபோது, "நமக்கு இதெல்லாம் வராது" என்று தோன்றும். அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள். விசை, திசைவேகம், தேவை, அளிப்பு எல்லாம் உங்களுக்கு முன்பே தெரியும். அவற்றின் ஆங்கிலப் பெயர்தான் புதிது. நம்முடைய பிளஸ் டூ பாடநூல் இரண்டு மொழியிலும் இருக்கிறது. இரண்டையும் இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். அதே பாடம், அதே படம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நோட்டின் பின்பக்கத்தில் ஒரு சொல் பட்டியல் எழுதுங்கள். நான் அப்படித்தான் எழுதினேன். முதல் செமஸ்டர் முடிவதற்குள் வகுப்பு காதில் விழ ஆரம்பித்தது. ஆங்கிலவழி வகுப்பில் படித்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத மாணவர்களை அனுமதிக்குமாறு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரியில் அனுமதி உண்டா என்று இப்போதே கேளுங்கள்.

இரண்டாவது, பாடத்திட்டத்தில் இல்லாத விதிகள். 75 சதவீத அட்டெண்டன்ஸ் இல்லையென்றால் ஹால் டிக்கெட் சிக்கலாகும். பல கல்லூரிகளில் 100 மதிப்பெண்ணில் 25 இன்டர்னல். அசைன்மெண்டைத் தேதி தாண்டிக் கொடுத்தால், தேர்வறைக்குள் போவதற்கு முன்பே மதிப்பெண் போய்விடும். அப்பா பேராசிரியராக இருக்கும் மாணவனுக்கு இது முதல் வாரமே தெரியும். சனி ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போய், திங்கட்கிழமை காலை எழ முடியாத மாணவனுக்கு நவம்பரில் தெரியும். பிறகு முடிவு வரும்போது, "அவன் படிப்பாளி, இவன் அரியர் கேஸ்" என்று இரண்டு பெயர் சூட்டுவார்கள். அங்கே நடந்தது அறிவுப் போட்டியே இல்லை. ஒருவனுக்கு வீட்டில் சொல்ல ஆள் இருந்தது, இன்னொருவனுக்கு இல்லை. அந்த ஆளாக நாம் ஒருவருக்கொருவர் இருக்க முடியும்.

மூன்றாவது, பணம். உதவித்தொகை வாங்குவதற்கு யாரும் கூச வேண்டியதில்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் 1944-ல் தொடங்கியது. அப்போது அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் உயர்கல்விக்கு அரசு செலவிட வேண்டும் என்று அங்கே அவர் வாதாடினார். தமிழ்நாட்டில் 2012 செப்டம்பரில் வந்த அரசாணை எண் 92-ஐத் தேடிப் படியுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. இன்றைய வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய். பணம் தாமதமாக வருவது உண்மை. அந்தத் தாமதத்தை உங்கள் தலையில் கட்டி, "இப்போது கட்டு, வந்ததும் தருகிறோம்" என்று ஒரு நிர்வாகம் சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று நம்மை விட்டுப் போனபோது, அவருடைய ஆய்வு உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றுபோயிருந்தது. ஒரு மாணவரின் பணத்தை நிறுத்துவது அவரை வெளியேற்றும் வழிகளில் ஒன்று.

இதுவரை சொன்னதெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டியவை. இனிச் சொல்லப்போவது பழகவே கூடாதது.

நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை. அதனால் அதை வேறு வழியில் தேடுவார்கள். "எந்த ஊரு?" என்பார்கள். ஊரைச் சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பார்கள். குலதெய்வம் கேட்பார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் யார் படம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். நான் முதலாமாண்டு படித்தபோது ஒரு பேராசிரியர், "எஸ்சி ஸ்காலர்ஷிப் பசங்க எழுந்திரிங்க" என்றார். ஏழு பேர் எழுந்தோம். படிவம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் யார் யார் பக்கத்தில் உட்கார்வது என்பது மாறிப்போனது. அதற்கும் எங்களிடம், "பழகிடும்" என்றுதான் சொன்னார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு சமத்துவ விதிகள் இதைப் பாகுபாடு என்கின்றன. வகுப்பில் சாதிப் பெயரை அறிவிப்பது, இட ஒதுக்கீட்டு மாணவர் என்று முத்திரை குத்துவது, மதிப்பெண் குறைந்தால் சாதியைக் காரணம் காட்டிப் பேசுவது, மூன்றும் அதில் இருக்கின்றன. புகாரை வாங்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. உங்கள் கல்லூரியில் அவர் யார்? பெயர் தெரியாவிட்டால், நாலு பேர் கையெழுத்திட்டு முதல்வரிடம் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். தேதி போட்ட கடிதமும், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் உங்களிடம் இருக்கட்டும்.

இந்த அரங்கில் ஆதிக்கச் சாதிகளில் பிறந்த தோழர்களும் இருக்கிறீர்கள். கல்லூரிக்குப் பழகும் வேலை உங்களுக்கும் இருக்கிறது. பள்ளிகளில் சாதிக் கயிறுக்குத் தடை வேண்டும் என்று 2024 ஜூனில் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தது. கல்லூரி வாசலில் அந்தக் கயிற்றை அவிழ்க்க உங்களுக்கு அரசாணை தேவையா? "எந்தப் பக்கம்?" என்று உங்கள் நண்பன் கேட்கும்போது, எங்களுக்கு முன்னால் நீங்கள் அவனைத் தடுக்க வேண்டும். தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்து உட்கார வேண்டும்.

நவம்பரில் தேர்வு. அதற்குள் உங்கள் வகுப்பில் பேசாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடியுங்கள். ஊர் கேட்க வேண்டாம். அட்டெண்டன்ஸ் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள், உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாயிற்றா என்று கேளுங்கள், உங்கள் சொல் பட்டியலைக் கொடுங்கள். முதல் செமஸ்டரில் படிப்பை விட்டுப் போகிறவர்களில் பலர் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஒருநாள் வருகைப் பதிவேட்டில் பதில் வராது, அவ்வளவுதான். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பெயர்கூட இருக்கக் கூடாது.