வெண்புள்ளி தொழுநோய் அல்ல



உடம்பில் ஒரு வெள்ளைத் திட்டு. பார்த்ததும் வாயில் வரும் சொல் என்ன? வெண்குஷ்டம். அந்தப் பெயரே பாதிக் கெடுதல். இது குஷ்டம் அல்ல. வெண்புள்ளி என்று சொல்லுங்கள்.

தொழுநோய் பயம் நம் பக்கத்தில் பழையது. 1890-ல் மாட்டுங்காவில் தொழுநோயாளிகளுக்காக ஒரு விடுதி தொடங்கினார்கள். அதுதான் வடாலாவில் உள்ள அக்வொர்த் ஆஸ்பத்திரி. அன்று நல்ல மருந்து இல்லை. நோயாளியைப் பிரித்து வைத்தார்கள். இன்று மருந்து உண்டு. ஆறு மாதமோ ஒரு வருடமோ மாத்திரை சாப்பிட்டால் தொழுநோய் குணமாகும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆனாலும் பயம் போகவில்லை. அது வெண்புள்ளி வந்தவர் மேலும் விழுகிறது. செம்பூரில் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்குக் கையில் திட்டு வந்தால், வேலை போகிறது. மகளுக்கு வந்தால் கல்யாணப் பேச்சு நிற்கிறது.

எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணை மூடச் சொல்லுங்கள். பஞ்சைத் திரித்து, திட்டின் மேல் லேசாகத் தொடுங்கள். தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். தொழுநோய்த் திட்டில் பெரும்பாலும் உணர்ச்சி குறைந்திருக்கும். நிறம் மங்கலாகவோ சிவந்தோ இருக்கும். வெண்புள்ளி பால் போல வெளுத்திருக்கும். தொட்டால் தெரியும். செதில் உதிர்ந்தால் தேமலாக இருக்கலாம். எதுவானாலும் டாக்டர் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

தோலுக்கு நிறம் தரும் அணுக்களை உடம்பின் காவல் சக்தியே அழிப்பதால் வெண்புள்ளி வருகிறது. மீனும் பாலும் சேர்த்துச் சாப்பிட்டதால் அல்ல. பாவத்தாலும் அல்ல. தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடலாம்.

பொட்டு வைக்கும் இடம் மட்டும் வெளுக்கிறதா? ஸ்டிக்கர் பொட்டின் பசை காரணமாக இருக்கலாம். ரப்பர் செருப்பின் வார் படும் இடத்திலும் இப்படி வரும். தோல் பட்டறையில் பசை தடவுகிறவர்களே, உங்கள் கைகளையும் பாருங்கள். காரணமான பொருளை விட்டாலே சிலருக்கு நிறம் திரும்பும்.

வைத்தியம் உண்டு. தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது. டாக்டர் களிம்போ ஒளி சிகிச்சையோ சொல்வார். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். முகத்தில் நிறம் சீக்கிரம் திரும்பும். விரல் நுனியிலும் உதட்டிலும் திரும்புவது கஷ்டம். கார்போக அரிசி எண்ணெயை நீங்களாகவே தடவி வெயிலில் நிற்காதீர்கள். கொப்புளம் போடும். புண்ணான இடத்தில் புதிதாக வெள்ளை வரலாம். 'உடனே குணம்' என்று ரயிலில் ஒட்டியிருக்கும் நோட்டீசை நம்பிப் பணம் கட்டாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பை வருடக்கணக்கில் தடவினால், தோல் மெலிந்துபோகும்.