கல் சுமந்தவர் பெயர்

(திரிங்காப் ஆலயத் திருவிழாவில் ஆற்றிய உரை)

 

திருப்பணி நிறைவேறியதும் மண்டபச் சுவரில் நன்கொடையாளர் பெயர்ப் பலகை பதிக்கவிருக்கிறோம். அது குறித்து ஒரு விண்ணப்பம் செய்யவே இங்கு நிற்கிறேன். வரலாறு சொல்லிக் கொடுத்துப் பழகிய வாத்தியார் ஆதலால், தஞ்சாவூருக்குப் போய்த்தான் திரிங்காப்புக்குத் திரும்புவேன். பொறுத்தருள வேண்டும்.

முதலாம் இராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலை 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்தான். விமானம் 200 அடிக்கும் மேற்பட்ட உயரம். வயல் சூழ்ந்த அவ்வூரின் அருகில் கருங்கல் மலை கிடையாது. கல் முழுவதும் வெளியூரிலிருந்தே வந்தது. அரசாணையும், போரில் வென்ற செல்வமும், ஊர் ஊராக அளந்த நெல்லும் சேர்ந்தே அக்கோயில் எழுந்தது.

அதன் கல்வெட்டுகளில் அரசனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த கொடைகள் மட்டுமா உள்ளன? கோயிற்பணிக்குக் கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயர், முன்பிருந்த இடம், குடியிருந்த தெரு, வீடு யாவும் உள்ளன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல். தலைமைச் சிற்பி குஞ்சரமல்லன் இராஜராஜப் பெருந்தச்சன் பெயரும் உண்டு. நாவிதர், தையற்காரர், குயவர், கணக்கர் ஆகியோருக்கும் பங்கு குறிக்கப்பட்டுள்ளது.

ஆனால், அப்பெண்கள் விரும்பி வந்தார்களா என்று கல் சொல்லவில்லை. பாறையை இழுத்தவர்கள், சாரம் கட்டியவர்கள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. இக்குறை மக்கள் மனத்தை உறுத்தியிருக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, சிற்பிகளுக்கு மோர் வார்த்த அழகி என்னும் மூதாட்டியின் வீட்டுக் கல்லின் நிழலிலேயே தாம் இருப்பதாக இறைவன் அரசன் கனவில் உரைத்தான் என்று ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது.

உழைப்பவன் வயிறு காய்ந்தால் என்ன ஆகும் என்பதை எகிப்து காட்டியது. 3,100 ஆண்டுகளுக்கும் முன்பு, மூன்றாம் ராம்சேஸ் மன்னனின் 29ஆம் ஆட்சியாண்டில், அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் கூலித் தானியம் வராமையால் வேலையை நிறுத்திக் கோயில்களின் அருகே போய் அமர்ந்துவிட்டார்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். நான் சிறுவனாக இருந்தபோது, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த என் தாயார் ஆற்று மணலைத் தலையில் சுமந்து தோட்டத்துக் கோயிலுக்குக் கொட்டுவார். சம்பள நாளில் ஒரு வெள்ளியும் கொடுப்பார். அக்கோயில் பலகையிலோ பெரிய மனிதர் சிலரின் பெயர்கள் மட்டுமே. எழுத்தறியாத என் தாயார் திருவிழாதோறும் அதன்முன் நின்று, “நம்ம பேரு எங்க இருக்குன்னு படிச்சுச் சொல்லு தம்பி” என்பார். நான் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எனவே என் விண்ணப்பம் இரண்டு. ஸ்தபதியுடன் வந்த சிற்பிகள், சிமெண்டு மூட்டை தூக்கிய வங்காளதேசத் தொழிலாளர்கள், அவர்களுக்குச் சோறு வடித்த தாய்மார்கள் ஆகிய அனைவரின் பெயரும் நன்கொடையாளர் பெயர்களோடு அதே அளவு எழுத்தில் இடம்பெற வேண்டும். கும்பாபிஷேகத்திற்கு முன் கூலி பாக்கி ஒரு காசும் நிற்கக்கூடாது. இதனால் கொடுத்தவர் பெருமை குறையாது, கூடவே செய்யும்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.