முதல் நாள் வகுப்பும் கட்டியங்காரனும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நாடகம் சொல்லிக் கொடுக்கிறவன் என்பதால், முதல் நாள் வகுப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். முதல் நாள் விளையாட்டுக்கு இங்கிலீஷில் 'ஐஸ் பிரேக்கர்' என்று பெயர். பனிக்கட்டியை உடைப்பதாம்! பாகூர் வெயிலில் ஏது பனிக்கட்டி? இங்கே உடைய வேண்டியது கூச்சம்தான்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களிலிருந்து வருகிற பிள்ளைகளில் பலர், வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். அவர்களை எழுப்பி நிறுத்தி, "உன்னைப் பற்றிச் சொல்லு" என்கிறோம். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, எந்த மீடியம்? கேட்கிறவருக்குச் சாதாரணக் கேள்வி. பதில் சொல்கிற பிள்ளைக்கோ, சாதியையும் வறுமையையும் நாற்பது பேர் முன்னால் அவிழ்த்து வைக்கிற மாதிரி. அன்றைக்கு மூடின வாய் மூன்று வருஷமும் திறக்காமல் போவதுண்டு.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் வயோலா ஸ்போலின் என்ற அம்மையார், குடியேறி வந்த ஏழைகளின் பிள்ளைகளுக்கு விளையாட்டு வழியாகவே நாடகம் கற்பித்தார். 1963இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். நமக்கோ அதற்கு முன்பே தெருக்கூத்து இருக்கிறது! திரைக்குப் பின்னால் நிற்கிற துரியோதனனை, "யாரய்யா நீங்க?" என்று கேட்டு, சபைக்கு அறிமுகம் செய்து வைப்பவன் கட்டியங்காரன் அல்லவா?

அதையே நான் வகுப்பில் செய்கிறேன். முதலில் எல்லோரும் வட்டமாக நிற்பது. ஒவ்வொருவரும் தன் பெயரை ஓர் அசைவோடு சொல்ல, மற்றவர்கள் அப்படியே திருப்பிச் செய்வார்கள். இனிஷியல் வேண்டாம், ஊர் வேண்டாம். பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரிந்து ஐந்து நிமிஷம் பேச்சு. உனக்கு என்ன பிடிக்கும், என்ன செய்ய வரும் என்ற இரண்டே கேள்வி. அப்புறம் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு, ஒருவருக்கு மற்றவர் கட்டியங்காரன்!

தன்னைப் பற்றிப் பேச நா எழாத பிள்ளை, பக்கத்துப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது சிங்கமாகிவிடுகிறது. பாகூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி, தன் ஜோடியை "நாற்று நடவில் நாட்டுக்கே ராணி வருகிறாள், வழி விடுங்கள்!" என்று அறிவித்தாள். வகுப்பே கைதட்டியது. எந்த வேலையைச் சொல்ல அந்த ஜோடி கூசியிருப்பாளோ, அதுவே அவளுக்குக் கிரீடமாயிற்று.

இதற்குச் சட்டம் மூன்றுதான். யாரும் 'அவுட்' கிடையாது. தொட்டு ஆட விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. வாத்தியாரும் வட்டத்துக்குள் வந்து ஆட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் அது பரீட்சையாகிவிடும்.

சீனியர் மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. புதிதாக வருகிற பிள்ளைகளை 'இன்ட்ரோ கொடு' என்று நிறுத்தி வைக்காதீர்கள். வட்டம் போட்டு, நீங்களும் சேர்ந்து ஆடுங்கள்.

சிறுவர்களைக் கொண்டே நாடக சபை நடத்திய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்து, கருவடிக்குப்பத்தில் அடக்கமான மண் இது. இந்த மண்ணில் ஒரு பிள்ளை கூச்சத்தால் வாய்மூடி நிற்கலாமா?