குழந்தையின் எடையும் தாயின் மனதும்

(திருத்தணியில் நடைபெற்ற பங்காளர் கூடுகையில் வாசிக்கப்பட்ட உரை)



"படுக்கைக்கும் மருந்துக்கும் கொடுக்கிறோம். ஆராய்ச்சிக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்?" என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியே இதற்குப் பதில் தர விரும்புகிறோம்.

ஆந்திர எல்லையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் தன் ஏழு மாதக் குழந்தையோடு எங்களிடம் வந்தாள். மூன்று மாதம் குழந்தையை நிறுத்துப் பார்த்தோம்; எடை ஏறவில்லை. சத்துமாவும் பேதி மருந்தும் கொடுத்தோம். தலைபாரம், உடம்பு அசதி என்று தாய் சொன்னபோது இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினோம். எங்கள் கேள்விகளுக்கெல்லாம் கூட வந்த மாமியாரே பதில் சொன்னார்.

ஒரு நாள் தெலுங்கு தெரிந்த எங்கள் செவிலியர் அவளைத் தனியே உட்காரவைத்து, "நீ எப்படியம்மா இருக்கிறாய்?" என்று கேட்டார். அவள் அழத் தொடங்கினாள். பிரசவம் முதல் சரியான தூக்கமில்லை, பசியில்லை. இரண்டாவதும் பெண் என்ற பேச்சு. செத்துப்போனால் தேவலை என்ற நினைவு. மூன்று மாதமாக நாங்கள் அதைக் கேட்கவே இல்லை.

இப்படி இருப்பது இவள் ஒருத்திதானா? எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அப்படி எண்ணிப் பார்த்தார்கள். நம் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் 359 கர்ப்பிணிகளைக் கடைசி மாதங்களில் சந்தித்து, பிரசவமான 6 முதல் 12 வாரங்களுக்குள் 301 பேரை மீண்டும் பார்த்தார்கள். நூற்றுக்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு நோய் வந்திருந்தது என்று 2002-ல் எழுதினார்கள். குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைவேலைக்கு உதவி இல்லாமை ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டின.

2004-ல் வெளியான மற்றொரு வேலூர் ஆய்வு, எடை குறைந்த 72 குழந்தைகளை, அதே வயதில் நன்றாக வளர்ந்த 72 குழந்தைகளோடு ஒப்பிட்டது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு கண்ட தாய்மார், எடை குறைந்த குழந்தைகளின் பக்கமே அதிகம் இருந்தார்கள். பிறப்பு எடை போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆகையால் தாயைக் குற்றம் சொல்லக்கூடாது. அவளும் நோயாளி, அவளுக்கும் வைத்தியம் வேண்டும்.

அந்த வைத்தியத்துக்குப் பெரிய மருத்துவமனைதான் வேண்டும் என்பதில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதியில், பயிற்சி பெற்ற கிராம சுகாதாரப் பணிப்பெண்கள் வீடு தேடிப்போய்த் தாய்மாரோடு பேசினார்கள். ஆறு மாதம் கழித்து அந்தத் தாய்மாரில் நூற்றுக்கு 23 பேருக்கே மனச்சோர்வு இருந்தது. அந்தப் பயிற்சி பெறாத பணிப்பெண்கள் சந்தித்த தாய்மாரில் 53 பேருக்கு இருந்தது. 2008-ல் வெளியான இந்த ஆய்வில், குழந்தைகளின் எடையில் தெளிவான வேறுபாடு காணவில்லை என்பதையும் உண்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் பேதி குறைந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைகள் கூடினார்கள்.

பிரியமானவர்களே, ஆடிக் கிருத்திகைக்கு இந்த மலைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களில் பிள்ளைக்காக நேர்ந்துகொண்டவர்கள் பலர். நம் சபைகளிலும் பிள்ளைகளுக்காகவே அதிகம் ஜெபிக்கிறோம். பெற்றவளைப் பற்றி யார் விசாரிக்கிறோம்?

இப்போது எங்களிடம் குழந்தையை நிறுக்கும்போதே தாயைத் தனியாகத் தமிழிலோ தெலுங்கிலோ விசாரிக்கிறோம். சாக வேண்டும் என்று சொல்லுகிறவளை அன்றே மருத்துவர் பார்க்கிறார். அந்தத் தாய்க்குச் சில வாரங்களில் தூக்கம் திரும்பிற்று. குழந்தையின் அட்டையில் கோடும் மெல்ல ஏறுகிறது.

வீடு தேடிப்போகும் பணிப்பெண்களின் பயிற்சிக்கும் பேருந்துச் செலவுக்கும் உங்கள் காணிக்கை தேவைப்படுகிறது. அதோடு இன்னொன்றும் கேட்கிறோம். அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும் வீட்டில், குழந்தையைக் கொஞ்சிய பிறகு தாயின் பக்கத்தில் சற்று உட்காருங்கள். "நீ எப்படியம்மா இருக்கிறாய்?" என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை இருங்கள்.


மருத்துவமனை ஊழியர்கள்